அரை டிகிரி

ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் பட்டறை என்றால், ஷட்டரைத் தூக்கியதும் முதலில் தும்மல் வரவேண்டும். பெங் யூசினுக்கு வரவில்லை. வாயில் முகமூடியும் அதற்கு மேல் ஒரு துண்டும் கட்டிக்கொண்டு, புதைகுழிக்குள் இறங்குகிறவன் மாதிரி வந்திருந்த அவளுடைய உதவியாள் ஆ-கானுக்கும் வரவில்லை. அவனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

"தூசியே இல்லக்கா," என்றான் துண்டை அவிழ்த்தபடி. "என் ரூமைவிட சுத்தமா இருக்கு. காணாமப் போனவர் கிடைச்சா, போற வழியில என் ரூமுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

பெங் உள்ளே நடந்தாள். ஃபெங்யுவான் ஊரில் இருபது வருஷமாகத் துப்பறிவாளர் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். வருகிற வேலையில் முக்கால்வாசி, அடுத்தவர் புருஷன் எந்த ஓட்டலுக்குப் போனான் என்று பார்த்துச் சொல்வது. அதனால் போன வாரம் லாய் யாஃபென் என்ற பெண் வந்து, "எங்கப்பா உயிரோட இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டபோது, பெங்குக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

அப்பா பெயர் லாய் முஹுவோ. கதவு நிலை, ஜன்னல் சட்டம், சாமி மேடைக்குச் சட்டம் என்று மூலை சேர்க்கிற வேலையில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் சேர்த்த மூலையில் நகம் நுழையாது. ஒரு புது வருஷத்துக்கு முன்னால், வேலை தலைக்கு மேல் இருந்த நேரத்தில், சீக்கிரம் முடியட்டும் என்று ரம்ப மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டிவைத்தார். மகன் குவான்யூவின் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்பா சாயங்காலம் வரை வாசலிலேயே நின்றார், பிறகு போனார். வீட்டுக்குப் போகவில்லை. எங்கே போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஏழு வருஷம் ஆகிவிட்டால் இறந்தவர் என்று அறிவிக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போடலாம். குவான்யூ போட்டுவிட்டான். உயிரோடு இருந்தால் வந்து தெரிவிக்கும்படி அப்பாவின் பெயருக்குக் கோர்ட் அறிவிப்பும் கொடுத்தாயிற்று. யாரும் வந்து எதையும் தெரிவிக்கவில்லை. நாளை காலை தீர்ப்பு.

"ஒரே ஒரு அடையாளம் போதும்க்கா," என்று யாஃபென் சொல்லியிருந்தாள். "எழுந்து நின்னு சொல்லிடுவேன். அவனுக்கு அப்பா என்னிக்கோ செத்துட்டாரு. எனக்கு இன்னும் சாகல." அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. மின்சாரத்தைத் துண்டிக்க மட்டும் விடவில்லை. சாவி, அப்பா காலத்திலிருந்தே, வெளியே மீட்டர் பெட்டிக்குப் பின்னால் தொங்குகிறது. குடும்பத்தில் மூன்று பேருக்குத்தான் அது தெரியும்.

பட்டறையின் நடுவில், தன் மேடையில், அந்த ரம்பம் உட்கார்ந்திருந்தது. மரத்தை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் அறுத்துத் தள்ளுகிற மின்ரம்பம். மோட்டாரும் பிளேடும் சேர்ந்த தலையைக் கீழே இறக்கி, பூட்டு ஊசி சொருகிப் பூட்டியிருந்தது. பிளக் பிடுங்கி வயரைச் சுருட்டி வைத்திருந்தது. தலைக்கு மேல் பச்சை நிறத்தில் ஒரு சோளப்பொரிப் பொட்டலம்.

பொட்டலத்தைப் பார்த்ததும் பெங்கின் கால் நின்றது. அந்த ஊர் நம்பிக்கைப்படி, மெஷின் சொன்னபடி கேட்க வேண்டுமானால் அதன் தலையில் பச்சைப் பொட்டலம் இருக்கவேண்டும். மஞ்சள் கூடாது, சிவப்பு கூடவே கூடாது, பிரிக்கக் கூடாது, முக்கியமாகத் தேதி தாண்டக் கூடாது. தாண்டினால் மெஷின் முரண்டு பிடிக்கும். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரிக்கிற இன்ஜினியர்கூடத் தன் மெஷின் மேல் ஒன்று வைக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். பெங்கின் ஆபீஸில் ஃபேக்ஸ் மெஷின் தலையிலேயே ஒன்று இருக்கிறது.

அவள் பொட்டலத்தைத் தொடாமல் குனிந்து தேதியைப் படித்தாள். அடுத்த வருஷத்துத் தேதி.

"ஆ-கான், இது புதுசு."

"இதுங்கதான் பழசு," என்றான் அவன், மேடைக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து. உள்ளே பச்சைப் பொட்டலங்கள். பிரிக்காதவை, காற்றுப் போனவை, சாயம் வெளுத்தவை. யாரோ ஒருவர், தேதி முடிவதற்குள் புதியதை வைத்துவிட்டுப் பழையதைத் தூக்கிப் போட மனம் வராமல் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். "மத்தியானம் சாப்பிடல. இதுல ஒண்ணு தின்னா என்ன ஆகும்?"

"உன் வாய் நிக்கும். வேலையைப் பார்."

ஆ-கான் ஒரு காலத்தில் தச்சுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, மரத்தை அறுப்பதைவிடப் பேச்சால் அதிகமாக அறுக்கிறான் என்று துரத்தப்பட்டவன். ஆனால் மெஷின் முன்னால் நின்றால் கை தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். பிளக் வெளியேதான் கிடக்கிறது என்று தெரிந்தும், வயரைப் பிடித்து நுனிவரை பார்த்துவிட்டுத்தான் மெஷினைத் தொட்டான். தலையைத் தூக்கி இறக்கினான். பிளேடை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடி தலை இறங்கும்போது விலகி, தலை எழும்பியதும் தானாக வந்து மூடிக்கொண்டது. மூடியின் ஓரத்தில் கம்பி அறுத்த பழைய தழும்பு மட்டும் இருந்தது. பிளேடில் மரப்பிசின் ஒட்டவில்லை. தலை முன்னும் பின்னும் நகர்கிற தண்டுகளில் எண்ணெய் மினுங்கியது. கடைசியாக மோட்டாரின் இரண்டு பக்கத்துத் திருகு மூடிகளையும் கழற்றி, உள்ளே கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் இரண்டையும் உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணாப் புதுசா மாத்தியிருக்கு. இது தேஞ்சு போச்சுன்னா, பட்டனை விட்டாலும் பிளேடு உடனே நிக்காது, சும்மா சுத்திட்டே இருக்கும். அசந்து கையை விட்டா அவ்வளவுதான். இதைப் பாத்து வெச்சவனுக்கு யார் விரலும் போயிடக் கூடாதுன்னு இருக்கு."

"ஏழு வருஷமா யாரும் வெட்டாத மெஷின்ல யார் விரல் போகப் போகுது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

மரத்தைச் சாய்த்து வைக்கிற பின்சட்டத்தில் நான்கு போல்ட். நான்கின் தலையிலும், போல்ட்டிலிருந்து சட்டம் வரைக்கும், சாய்வாக ஒரு பென்சில் கோடு. பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளைக்கு வகிடு எடுத்த மாதிரி இருக்கிறது என்றான் ஆ-கான். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும், கெட்டிக்கார வேலை என்று தானே விளக்கமும் சொன்னான்.

"வெட்டிப் பார்," என்றாள் பெங்.

அவன் கண்ணாடி மாட்டிக்கொண்டான். போல்ட்டில் கை வைக்காமல், அடித்தட்டை மட்டும் நாற்பத்தைந்து டிகிரிக்குத் திருப்பிப் பூட்டினான். சுவரோரம் கிடந்த ஒரு தட்டைச் சட்டத்தைப் பின்சட்டத்தோடு ஒட்டவைத்துக் கிளாம்ப் போட்டான். பெங்கைப் பிளேடின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நிற்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் பிளக்கைச் சொருகினான். மோட்டார் முழு வேகம் எடுக்கும்வரை காத்திருந்து இறக்கினான். வெட்டி முடிந்ததும் பட்டனை விட்டான். பிளேடு சட்டென்று நின்றது. நின்ற பிறகே தலையைத் தூக்கினான்.

"ஒரே வெட்டு, ரெண்டு துண்டு. ஒண்ணைக் கவுத்துப் போட்டு இன்னொண்ணோட சேர்த்தா மூலை வரணும். மெஷின்ல அரை டிகிரி தப்பு இருந்தா இங்க ஒரு டிகிரியாத் தெரியும். தப்பு ரெட்டிப்பாகும், என் கடன் மாதிரி." இரண்டு துண்டையும் சேர்த்து, தொண்ணூறு டிகிரி காட்டும் மூலைமட்டத்துக்குள் வைத்து, பல்புக்கு நேராகத் தூக்கினான். துண்டுகளுக்கு நடுவில் ஒரு கீற்று வெளிச்சம்கூட வரவில்லை. ஆ-கான் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சுத்தம்க்கா. கம்பெனியிலிருந்து வர்ற புது மெஷின்கூட இப்படி இருக்காது."

பெங் இரண்டு துண்டுகளையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கணக்கு அவள் மனதில் தானாகச் சேர்ந்தது. உள்ளே வந்து போகிறவருக்குச் சாவி இருக்கும் இடம் தெரியும். மூலை சேர்வதில் மயிரிழை பிசகினாலும் பொறுக்காது. விரல் போனதை மறக்கவில்லை. பொட்டலத்தின் தேதியை மறக்கவில்லை. ஓடிப்போன மனிதன் எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போவான், ஆனால் தன் மெஷின் தலையில் தேதி முடிந்த பொட்டலம் இருக்க விடமாட்டான். ஒளிந்திருக்கிறவன் இதற்காகவா திரும்பி வருவான் என்று வேறு ஊர்க்காரர் கேட்கலாம். ஃபெங்யுவானில் கேட்கமாட்டார்கள்.

மெஷினுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் ஊதுபத்திச் சாம்பல். கடைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் சாமிக்குப் படைப்பது பிறை கணக்கில் இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும். இன்றைக்குப் பதினாறு.

"இன்னிக்கு வருவாரு," என்றாள் பெங். யாஃபெனுக்குப் போன் போட்டு, சாயங்காலத்துக்குள் நல்ல சேதி சொல்வேன் என்றாள். அந்தப் பக்கம் யாஃபென் அழ ஆரம்பித்துவிட்டாள். இப்படி அவசரப்பட்டு வாக்குக் கொடுக்கிற வழக்கம் பெங்குக்கு இல்லை. அன்றைக்கு ஏனோ கொடுத்துவிட்டாள்.

ஷட்டரை இறக்கி வெளியிலிருந்து ஆ-கான் பூட்டினான். சாவியை இருந்த இடத்தில் மாட்டிவிட்டுப் பின் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து வந்தான். கால்சட்டை கிழிந்ததற்கு யார் பணம் தருவார்கள் என்று முணுமுணுத்தான். இருவரும் பிளைவுட் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆறிப்போன சாப்பாட்டுப் பெட்டியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெளியே மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது.

பெங் ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் மாதத்தில் இரண்டு முறை வந்து, இந்தத் தகரக் கூரைக்குக் கீழே தனியாக உட்கார்ந்து, யாரும் உபயோகிக்காத மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் திரும்பிப் போகிறார். ஆபீஸுக்கு மேலே அவள் குடியிருக்கும் அறையில், டிவியில் வானிலைச் செய்தியைப் போட்டுவிட்டுத்தான் அவள் இரவுச் சாப்பாடு. வானிலை தெரிந்துகொள்ள அல்ல. ஒரு குரல் வேண்டும், அதற்காக. தனியாக இருப்பவர்களை அவளுக்கு வாசனையிலேயே தெரியும்.

"ரம்பத்துக்காவது பிறந்த நாள் மாதிரி ஏதோ ஒண்ணு நடக்குது," என்றான் ஆ-கான். அது அவனைப் பற்றிய ஜோக்கா, அவளைப் பற்றியதா என்று அவள் கேட்கவில்லை.

இருட்டத் தொடங்கும் முன் மீட்டர் பெட்டிப் பக்கம் சத்தம் கேட்டது. ஷட்டர் பாதி தூக்கப்பட்டு, மழைக்கோட்டோடு ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். லைட்டைப் போட்டார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிளாஸ்டிக் பையிலிருந்து புதிய பச்சைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மெஷின் தலையில் வைத்து, பழையதை அட்டைப்பெட்டியில் போட்டார். ஊதுபத்தி ஏற்றி மூன்று முறை தலை தாழ்த்தினார். பிறகு துணியை எடுத்துத் தண்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

துடைத்த கையில் மூன்று விரல்தான் இருந்தது.

பெங் பிளைவுட் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வந்தவனுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அப்பாவைச் செத்தவர் என்று அறிவிக்கச் சொல்லி மனுப் போட்ட மகன். அவள் தேடிக்கொண்டிருந்த கிழவர் எங்கேயும் இல்லை. யாஃபென் அங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்து, ஷட்டரைத் தூக்கியபோது வராத தும்மல் ஊதுபத்திப் புகையில் ஆ-கானுக்கு வந்தது.

குவான்யூ திரும்பினான். பிளைவுட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் எழுந்ததைப் பார்த்துக் கத்தவும் இல்லை, போலீசைக் கூப்பிடுவேன் என்று சொல்லவும் இல்லை. ரொம்பக் களைத்துப் போனவன் மாதிரி நின்றான்.

"யாஃபென் அனுப்பினாளா?"

பெங் தான் யார் என்று சொன்னாள், வந்த காரணத்தையும் சொன்னாள். பிறகு, "அப்பா செத்துட்டார்னு மனுப் போட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்கு அவர் மெஷினுக்கு எண்ணெய் போடறீங்க தம்பி?" என்று கேட்டாள்.

அவன் துணியை நான்காக மடித்தான். ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்ததைப் பற்றிச் சொன்னான். வலியில் திரும்பிப் படுத்தானாம், கோபத்தில் அல்ல. அப்பா அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று அவர் போன பிறகுதான் புரிந்ததாம். கையில் கட்டுப் பிரித்த வாரமே இங்கே வந்து, அந்தக் கம்பியை வெட்டி எறிந்திருக்கிறான். அன்றிலிருந்து விடாமல் வருகிறான். தங்கையிடம் இதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"அப்பாவுக்கு ஒரு குணம்," என்றான். "கோணம் தப்பா இருந்தா அவரால பாத்துட்டு சும்மா இருக்க முடியாது. சாப்பிட்டுட்டு இருக்கும்போது சொன்னாக்கூட, கிண்ணத்தை வெச்சுட்டு வந்து சரி பண்ணிட்டுத்தான் மீதிச் சோறு. அதனால ஒவ்வொரு தடவையும் போகும்போது, பின்சட்டத்தை அரை டிகிரி தள்ளி வெச்சுட்டுப் போவேன். எல்லாத்தையும் சரியா வெச்சுட்டு, அது ஒண்ணை மட்டும் தப்பா. அவர் என்னிக்காவது வந்தா சரி பண்ணாமப் போக மாட்டாரு. நான் மட்டத்தை வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்."

ஆ-கான் வாயைத் திறந்தான். பெங் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஏழு வருஷமா நான் வெச்ச தப்பு வெச்ச இடத்துலயே இருக்கு," என்றான் குவான்யூ. "போன ரெண்டாம் நாளும் பாத்தேன். அப்படியேதான் இருந்தது. அழறதுக்குக்கூட ஒரு நாள் கிடைக்கலக்கா எனக்கு. யாராவது ஒரு தேதி போட்டு, முடிஞ்சதுன்னு சொன்னா நிப்பாட்டிடலாம்னுதான் மனுப் போட்டேன். இன்னிக்கு மட்டத்தை எடுக்கவே வேணாம்னு வந்தேன். பாத்து ஏமாந்தது போதும். கடைசியா புதுசு ஒண்ணு வெச்சு, துடைச்சுட்டு, பூட்டிட்டுப் போயிடலாம்னு."

பெங் ஆ-கானைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தச் சட்டத்து போல்ட்டை நீ தொட்டியா?"

"தொடலக்கா." அவன் குரலில் விளையாட்டு ஒரு துளியும் இல்லை. "அடித்தட்டைத் திருப்பினேன், திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். போல்ட் பக்கம் போகவே இல்ல. எங்கம்மா மேல சத்தியம்."

பெங் பைக்குள் கை விட்டு இரண்டு துண்டுகளையும் எடுத்தாள். ஒன்றைக் கவிழ்த்தாள். சேர்த்து, மூலைமட்டத்தில் வைத்து, குவான்யூவின் கண்ணுக்கு நேராக, பல்புக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.

"இன்னிக்கு மத்தியானம் இந்த மெஷின்ல வெட்டினது."

அவன் பார்த்தான். தச்சனின் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருக்காது என்றான். வேறு துண்டு என்றான். பிறகு மெஷின் மேல் குனிந்து பின்சட்டத்தைப் பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டான். மூன்று விரல் இருந்த கையால் ஒரு போல்ட்டின் தலையைத் தொட்டான். கட்டைவிரலில் பென்சில் கரி ஒட்டியது.

"நான் கோடு போட மாட்டேன்," என்றான். "அவர்தான் போடுவாரு."

இரண்டாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் நடுவில் ஏதோ ஒரு பகலில் அந்தக் கிழவர் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கை விட்டிருக்கிறார். மகன் துடைத்து வைத்த மெஷினைப் பார்த்திருக்கிறார். கம்பி இல்லாத மூடியைப் பார்த்திருக்கிறார். பெட்டி நிறையப் பொட்டலங்களைப் பார்த்தாரோ என்னவோ. உயிரோடு இருந்தால் வந்து தெரிவி என்று கோர்ட் கேட்டிருந்தது. தெரிவித்துவிட்டுப் போயிருக்கிறார், தனக்குத் தெரிந்த பாஷையில். பெங் மத்தியானம் போட்ட கணக்கு சரிதான், ஆளைத்தான் மாற்றிப் போட்டிருந்தாள். துடைத்தது மகன். திருத்தியது அப்பா. ஒரே கூரைக்குக் கீழே வந்தும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தவருக்கு," என்றான் குவான்யூ, "வீட்டுக்கு வரத் தெரியலயா?"

பெங் யாஃபெனுக்குப் போன் போட்டு நாளை கோர்ட்டில் எழுந்து நிற்கச் சொன்னாள். உன் பக்கத்தில் உன் அண்ணனும் நிற்பான் என்று சொன்னபோது, குவான்யூ மறுக்கவில்லை.

அவன் பிளக் வெளியே இருக்கிறதா என்று முதலில் பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்து நான்கு போல்ட்டையும் தளர்த்தினான். பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. மட்டத்தை வைத்து, பின்சட்டத்தை அரை டிகிரி தள்ளி, மறுபடி இறுக்கினான். சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்து மெஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"நீங்க கிளம்புங்கக்கா. காலையில கோர்ட்டுக்கு வந்துடறேன். அதுவரைக்கும் இங்க இருக்கேன். அப்புறம் திரும்ப வந்து இருப்பேன்."

வெளியே வந்ததும் ஆ-கான் ஸ்கூட்டர் பக்கம் போனான். பெங் அவனை நிறுத்தி, முனைக் கடையில் சாப்பாட்டுப் பெட்டி வாங்கிவந்து உள்ளே கொடுக்கச் சொன்னாள். ஒன்றா என்று கேட்டான். இரண்டு என்றாள். அவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினான்.

அவள் பழக்கத்தில் ஷட்டரைக் கீழே இழுக்கக் கை வைத்தாள்.

"இறக்காதீங்கக்கா," என்றது உள்ளேயிருந்து குரல். "திறந்தே இருக்கட்டும்."